விருந்தாக வந்த ஆமைகள்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சரசுவும் இரண்டு ஆமைகளும் நன்றாக இருக்கிறோம். அங்கே அட்டை குடித்தது போக மிச்சமுள்ள ரத்தத்தோடு நீயும் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை அவர் படித்து என் மடியில் வைத்துவிட்டு, மில் சங்கு ஊதியதும் கிளம்பிப் போய்விட்டார். அவருக்கு எழுதினால் எனக்குத் தெரியாமல் போகும் என்று நீ நினைத்திருந்தால், இத்தனை வருஷம் இந்த வீட்டில் வளர்ந்து நீ ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம். ‘ஆமைதான் பெரிதென்றால் அவள் அங்கேயே இருந்துகொள்ளட்டும், எஸ்டேட்டில் கொடுத்த வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் பழையபடி மெஸ்ஸுக்கே போய்விடுகிறேன்’ என்று எழுதியிருக்கிறாய். கட்டிக்கொண்ட பெண் சொன்ன மாதத்தில் கிளம்பி வரவில்லை என்றால் எந்தப் பிள்ளைக்கும் கோபம் வரத்தான் செய்யும். வரட்டும். ஆனால் அது போய்ச் சேரவேண்டிய விலாசம் வேறு. சரசு வால்பாறைக்கு வருவதைத் தள்ளிப்போட்டது ஆமையால் இல்லை, என்னால். அதை முழுதாகச் சொல்லவேண்டும் என்றுதான், உலையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். கோபியிலிருந்து சரசுவின் கல்யாணச் சீர் சாமான்கள் வந்து இறங்கியபோது அண்டாவுக்கும் மெத்தைக்கும் நடுவில் வைக்கோல் பரப்பிய ஒரு மூங்கில் கூடை இருந்ததும், அதற்குள் இரண்டு காட்டு ஆமைகள் மஞ்சள் கோடு போட்ட ஓட்டோடு உட்கார்ந்திருந்ததும், உன் பாலிடெக்னிக் சிநேகிதர்கள் சிரித்ததும், நீ காது சிவந்து உள்ளே போனதும் உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா என் முந்தானையைப் பிடித்து ஓரமாக இழுத்து, "ஏனுங்க, ஆமை பூந்த ஊடு உருப்படாதுன்னு சொல்லுவாங்க, நீங்க பேசாம இருக்கறீங்களே" என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. உன் அப்பாதான் காதில் வாங்கிக்கொண்டு, "அது தானாப் பூந்தாத்தானுங்க. இது நாம அழைச்சுட்டு வந்ததுங்க. விருந்தாளிங்க" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என் பயமும் அதோடு போயிற்று. அந்த ஒரு வார்த்தையில் அன்றைக்கு எல்லாம் சரியாயிற்று. அதே வார்த்தையால்தான் பிறகு அத்தனை கஷ்டமும் வந்தது.

விருந்தாளி என்றால் நம் வீட்டில் என்ன பாடு படுத்துவோம் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. போதும் என்றால் இன்னொரு கரண்டி, கையை மறித்தால் கையின் மேலேயே இன்னொரு கரண்டி, இலையை மூடினால்தான் விடுதலை. உன் சிநேகிதன் ஒருவன் இங்கே நூல் நூலாகப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டுவிட்டு மறுநாள் பரீட்சையில் தூங்கிப் போனானே, அவன் அம்மா இன்றைக்கும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அப்படிப்பட்ட வீட்டுக்கு இந்த இரண்டு ஜீவன்கள் வந்து சேர்ந்தன. நீ வேலைக்குத் திரும்பிய பிறகு சரசு தினம் காலையில் முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் சோளக்காட்டு ஓரம் போவாள். கிளுவை வேலியில் அது இது என்று கிள்ளிக்கொண்டு வந்து ஆமைகளுக்குப் போடுவாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. புதுப்பெண், வளர்ப்புப் பிராணிக்குச் சோறு கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு புல்லும் பூண்டும் போடுகிறாள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று தோன்றவே இல்லை. கேட்டுவிட்டுப் போட்டால் அது என்ன விருந்து?

அதனால் அவள் துணி துவைக்கப் போகும் நேரம் பார்த்து நான் போட ஆரம்பித்தேன். முதலில் அரிசிம்பருப்புச் சாதம், மேலே கொஞ்சம் நெய். பெரியது கழுத்தை நீட்டி நீட்டித் தின்றது. எனக்கு அப்படியே நெஞ்சு குளிர்ந்துவிட்டது. பிறகு பால் சோறு, வாழைப்பழம், ஒருநாள் சந்தகை. சந்தகை வாயில் தொங்க அது என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்கவேண்டும், விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை தோற்றான். புரட்டாசி பிறந்ததும் எனக்குப் பக்தியும் சேர்ந்துகொண்டது. பெருமாள் எடுத்த அவதாரம் ஆயிற்றே, சனிக்கிழமை தளிகை போட்டுவிட்டு அதை வெறும் வாயோடு விடலாமா? சர்க்கரைப் பொங்கலில் முந்திரி இல்லாத பக்கமாகப் பார்த்து வழித்து வைப்பேன். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்காவும், முதல் நாள் உருப்படாது என்றவர், ஒரு கிண்ணத்தில் கொண்டுவர ஆரம்பித்தார்.

கொஞ்ச நாளில் பெரியது சரசு போடும் புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வயிறு போயிற்று. நடக்கும்போது பின்னங்கால் இழுத்தது. கண் பாதி மூடியே கிடக்கும். சரசு அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் என்ன செய்தேன் என்று கேள். கண்ணேறு பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். சுற்றிவிட்டு, தெம்பு வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் பால் சோறு வைத்தேன். கடைசியில் எறும்புதான் காட்டிக்கொடுத்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிணற்றடியிலிருந்து ஆமையின் தாடை வரைக்கும் கட்டெறும்பு சாரை பிடித்திருந்தது. தாடையில் வெல்லப்பாகு. சரசு குனிந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஈரத்துணி எடுத்து வந்து துடைத்தாள். அன்றைக்குத்தான் உனக்கு, ஆமைக்கு உடம்பு சரியில்லை, இப்போது வர முடியாது, இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று எழுதிப்போட்டாள். என் பெயரை அதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் உனக்கு அவள்மேல் கோபம் வந்திருக்காது. அதற்காகக்கூட அவள் எழுதவில்லை பார்.

சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் அம்மணி, எம்மேல கோவமா?" என்று கேட்டேன். "அய்யோ, இல்லீங்க அத்தை. நீங்க ஆசையாத்தானுங்க போட்டீங்க. அதுக்குச் சோறும் பாலும் செரிக்காதுங்க. இனிப்புக் கண்டா விடாது, ஆனா ஒடம்புக்கு ஒத்துக்காதுங்க" என்றாள். "அதை வந்தன்னைக்கே சொல்லிப்போட்டிருந்தா நான் வெச்சிருப்பனா?" என்று நான் கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன். தப்பு செய்தவளுக்குத்தானே முதலில் குரல் உயரும். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "வந்த புதுசுங்க அத்தை. உங்க ஊட்டுச் சோறு ஆகாதுன்னு நான் எப்படீங்க வாயால சொல்றது?" என்றாள். உள்ளே போய் விளக்கேற்றும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு மெல்ல மெல்ல அவளே சொன்னாள். அவள் அம்மா தவறிப்போன வருஷம், வாய்க்காலுக்கு மேலே மேட்டுக்காட்டில் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தபோது அவள் அப்பா இந்த இரண்டையும் பொறுக்கிக்கொண்டு வந்தாராம். அப்போது உள்ளங்கையில் அடங்கும் அளவுதானாம். அப்பாவுக்கும் மூன்று அண்ணன்களுக்கும் சமைத்துப் போட்டுக்கொண்டே இவற்றையும் வளர்த்திருக்கிறாள். இப்போது அவர் பெரிய மகனோடு ஊருக்குள் ஒண்டுக் குடித்தனம், அங்கே ஆமை நடக்க ஒரு முழம் மண் கிடையாது. வால்பாறைக்குக் கொண்டுவரலாம் என்றால், துவைத்த வேட்டி வாரக்கணக்கில் காய்வதில்லை என்று நீயே எழுதுகிறாய். வெயில் இல்லாமல் இது பிழைக்காது, மண் ஈரமாக இருந்தால் சளி பிடித்துச் செத்துப்போகும் என்கிறாள். ஆக, இவை என்னிடம்தான் இருக்கவேண்டும். என்னை நம்பி விட்டால்தான் அவள் உன்னிடம் வரலாம். நம்பத்தான் நான் வழி வைக்கவில்லை. மருமகளுக்குப் பரீட்சை வைக்கும் மாமியார்களைப் பற்றி நீ நிறையக் கேட்டிருப்பாய். இந்த வீட்டில் மாமியாருக்குத்தான் பரீட்சை, அவள் தேறவில்லை. இதுதான் விஷயம். இதற்குத்தான் நீ மெஸ்ஸுக்குப் போகிறேன் என்கிறாய்.

நான் விடுகிற ஆளா? மறுநாள் காலையிலிருந்து அவளோடு வேலிக்குக் கிளம்பிவிட்டேன். "பறிச்சுக் குடுக்கறதை அப்பறம் படிச்சுக்கலாங்க அத்தை. மொதல்ல அது எதைத் திங்குதுன்னு பாருங்க" என்று இரண்டையும் வெயிலில் விட்டாள். ஆமைக்குப் பின்னால் நடப்பது எப்படிப்பட்ட வேலை என்று உனக்குத் தெரியாது. பஸ் பிடிக்க ஓடுகிற காலுக்கு அது பெரிய தண்டனை. நான் முக்காடு போட்டுக்கொண்டு முதுகை வளைத்து ஒவ்வோர் அடியாக வைத்துப் போனதை மில்லுக்குப் போகிற சைக்கிள்காரர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அப்பா மட்டும் அந்தப் பக்கம் திரும்பாமல் மிதித்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது ஒரு செடியில் நின்று வயிறு நிறையத் தின்பதே இல்லை. அருகம்புல்லில் இரண்டு கடி, கொழுக்கட்டைப்புல்லில் கொஞ்சம், நகர்ந்து போய்க் கோவைக்கொடி, அப்புறம் மூக்கிரட்டை, வழியில் விழுந்து கிடந்த பூசணிப்பூ. தொய்யக்கீரையைத் தின்றுவிட்டு அதற்குப் பக்கத்தில் செழித்து நின்ற இன்னொரு செடியைத் தொடாமல் போகும். நாம் கறிக்கடைக்கும் காய்க்கடைக்கும் போய்ப் பார்த்துப் பொறுக்குகிறோமே, அதே கணக்கு. நான் அத்தனை நாளும் ஒரே குண்டானில் அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என்னைக் கேட்டால் கடகடவென்று சொல்வேன். முறத்தில் முக்கால்வாசி புல்லாக இருக்கவேண்டும். மிச்சத்துக்கு இலையும் பூவும், ஆனால் நேற்றுப் போட்டதையே இன்றைக்கும் போடக்கூடாது. முருங்கை இலை, செம்பருத்தி இலையும் பூவும், மூக்கிரட்டை என்று மாற்றி மாற்றிப் போகவேண்டும். சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிற பசலையும் கோசும் சுலபமாகக் கிடைக்கிறதே என்று தினம் போட்டால் ஓட்டுக்கு ஆகாது. சப்பாத்திக்கள்ளியை முள் சீவிப் போட்டால் கொண்டாட்டம், அதன் பழம் எப்போதாவது ஒன்று. சோறு, பருப்பு, பால், இட்லி எதுவும் கிட்டே வரக்கூடாது. தட்டையான தாம்பாளத்தில் தண்ணீர், அதில் அது இறங்கி நிற்கும் அளவுக்குத்தான். ஓடு கெட்டியாக இருக்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று கடல் நுரை என்று சொல்கிற கணவாய் மீன் ஓடு வாங்கி வரச் சொன்னாள். அப்பா டவுனில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய்க் கேட்டதற்கு, கடைக்கார ராவுத்தர் "யாருக்குங்க காதுல சீழு?" என்று கேட்டிருக்கிறார். "ஆமைக்குங்க" என்று சொல்லிவிட்டு இவர் விறைப்பாக நின்றாராம். ராவுத்தர் அன்றைக்கு முழுக்கச் சிரித்திருப்பார். பெரியது முதலில் பட்டினி கிடந்தது. பழம் வேண்டும் என்று என் காலடியிலேயே வந்து நின்றது. நான் கையை இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றேன். உன்னைப் பால்குடி மறக்கடித்தபோதுகூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை. அப்புறம் ஒருநாள் அது தானாக ஒரு கோவை இலையைக் கடித்தது. நானும் சரசுவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

இத்தனைக்கும் அவள் கிளம்புகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போன வாரம் உன் பெரிய மாமன் வந்தார். உன்னை மடியில் வைத்துக் காது குத்தினவர், நான் பிறந்ததிலிருந்து எதிர்த்துப் பேசாத அண்ணன். ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். ஆமைகளைப் பார்த்ததும் அவருக்கும் நம் வீட்டுப் புத்திதானே, உடனே ஒரு பழத்தை உரித்துக்கொண்டு குனிந்தார். பெரியது மோப்பம் பிடித்துக் கழுத்தை நீட்டிவிட்டது. நான் ஓடிப்போய் நடுவில் நின்றுகொண்டு, "அண்ணா, வேண்டாங்க. அதுக்கு ஆகாதுங்க" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஒரு பழத்துல என்ன ஆயிரப் போகுது அம்மணி? ஆசையாக் கொண்டாந்தது" என்றார். "ஆசையாத்தானுங்கண்ணா நானும் போட்டேன். சாவக் கெடந்து பொழைச்சுதுங்க. நீங்க தப்பா நெனைக்கக் கூடாதுங்க, குடுக்கவேண்டாங்க" என்று கையைக் கூப்பினேன். அவர் பழத்தைத் தாம்பாளத்தில் வைத்தார், துண்டை உதறித் தோளில் போட்டார். "இந்த ஊட்ல ஆமைக்கு இருக்கற மருவாதி எனக்கில்லைன்னு தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு, கொதித்துக்கொண்டிருந்த காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார். என் அண்ணன் என் வீட்டில் தொண்டை நனைக்காமல் போனது அதுதான் முதல் தடவை. நான் வாசலிலேயே நின்றேன். இன்னும் அவர் சமாதானம் ஆகவில்லை, நீ பணிவாக ஒரு கடுதாசி போடு.

சரசு அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆறுதல் சொல்லவும் இல்லை, மாமாவைத் தடுக்கவும் இல்லை. நான் உள்ளே வந்தபோது நாற்காலியில் ஏறி அட்டாலியிலிருந்து தகரப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். "எதுக்கு அம்மணி பெட்டி?" என்றேன். "ஊருக்குப் போகோணுமல்லங்க அத்தை. அவரு அங்க தனியா எத்தனை நாளைக்குத் தானே பொங்கிச் சாப்புடுவாருங்க" என்றாள். அவ்வளவுதான் கண்ணு, நான் தேறிவிட்டேன். வெள்ளிக்கிழமை அப்பா லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு வருகிறார். பொள்ளாச்சியில் வண்டி மாறி மலை ஏறவேண்டும், அந்த வளைவுகளில் அவளுக்குத் தலை சுற்றும், நீ பஸ் நிற்கும் இடத்திலேயே வந்து நில். ஆமையைப் பற்றிக் கேலியாக ஒரு சொல் வாயிலிருந்து வரக்கூடாது. அவளாக ராத்திரி அதை நினைத்து அழுதால் பக்கத்தில் உட்கார்ந்துகொள். இந்தக் குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டு உன்னிடம் வருகிறாள். உனக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றினால் எனக்கு உன்மேல் கோபம் வரும்.

நேற்று இதுவரைக்கும் எழுதி வைத்துவிட்டுத்தான் வழிக்குச் சாப்பாடு கட்டுவதைப் பற்றி யோசித்தேன். புளிச்சாதமா, தயிர்ச்சாதமா, கச்சாயம் சுட்டுத் தரலாமா என்று நினைத்தபோது எனக்குத் திக்கென்றது. ஆமைக்கு எந்தக் கொடி பிடிக்கும், எந்தப் பூ பிடிக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இந்தப் பெண் இத்தனை மாதம் என் கையால் சாப்பிட்டிருக்கிறாள், இவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. வைத்ததை எல்லாம் சாப்பிட்டாள், போதுங்க என்றாள், இலையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கூப்பிட்டு உட்கார வைத்து, "உனக்கு என்ன புடிக்கும் கண்ணு?" என்று கேட்டேன். அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். விளையாட்டுக்கு யோசிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் கொஞ்சம் வெட்கமாகச் சிரித்துவிட்டு, "தெரியலீங்க அத்தை. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க" என்றாள்.

நீ கேள், கண்ணு. கேட்டதும் சொல்லிவிடமாட்டாள், உனக்குப் பிடித்ததைத்தான் சொல்வாள். நம்பிவிடாதே. பொறுமையாகப் பக்கத்திலேயே இருந்து, எதை இரண்டாவது தடவை போட்டுக்கொள்கிறாள் என்று பார். தெரிந்ததும் எனக்கு ஒரு கார்டு போடு. அடுத்த தடவை அவள் வரும்போது நான் அதை மட்டும்தான் சமைப்பேன்.

உன் அம்மா